திங்கட்கிழமைக் கூடை

அக்டோபரில் என் மருந்துக் கடைக்கு
இருமலைவிடக் காளான்தான் அதிகம் வரும்.
ஞாயிறன்று செவென் மலையில் பறித்ததைத்
திங்களன்று கல்லாவின் மேல் பரப்புவார்கள்.
தின்னலாமா, கூடாதா
என்று நான் சொல்ல வேண்டும்.
பிரான்ஸில் மருந்து படித்தவர்கள்
இதையும் படித்துத் தொலைக்கிறோம்.

இன்று ஃபுல்க்ரான்.
எக்-மோர்த் உப்பளத்தில் இருபத்தாறு வருடம்,
புருவத்தில்கூட உப்பு.
செய்தித்தாளைப் பிரித்து ஒன்றை எடுத்து
என் முன்னால் நிறுத்திவைத்தான்,
தூங்கும் எதையோ எழுப்பிவிடக் கூடாதவன்போல.
"பாருங்கள் மதாம் மகலோன்,
எங்கள் பாத்தியில் நிற்கிற அதே ஆள்.
ஒற்றைக் கால். சிவப்பு.
கேட்டால் பதில் கிடையாது."

சரிதான்.
மூன்று நாள் மழை கழுவிய தலை,
ஆரஞ்சை எட்டுவதற்குள் நின்றுவிட்ட சிவப்பு.
கால் மட்டும் பூநாரையினுடையதைவிடப் பருமன்,
முட்டி இல்லாதது.
பூநாரைக்கும் அது முட்டியல்ல, கணுக்கால் என்றேன்.
அவனுக்குத் தெரியும்.
தினமும் பார்க்கிறவனிடம்
நான் படம் பார்த்துப் படித்ததைச் சொல்கிறேன்.

"அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.
இதை மட்டும் ஏன் கத்தியும் கையுமாக?"

அதன் சிவப்பு கடன், ஃபுல்க்ரான்.
உன் உப்புத் தண்ணீரில் நெளியும் பொடி இறால்,
அந்த இறால் தின்ற பாசி,
எல்லாம் சேர்ந்து இறகில் ஏறிய பற்று.
பட்டினி போட்டால் வெளுத்துப்போகும்.
தின்றதை ஒளிக்கத் தெரியாத உடம்பு.
இது அழுத்தம்.
பிர்ச் வேரோடு இருட்டில் என்ன பேசிற்று,
எதைக் கொடுத்து எதை வாங்கிற்று,
ஒரு வரிகூட மேலே இல்லை.
இந்தச் சிவப்பு யார் பார்ப்பதற்கு
என்று என் புத்தகங்களும் தடுமாறுகின்றன.
எச்சரிக்கை என்கிறது ஒன்று;
ஓட்டில்லா நத்தைகளோ
ஓரத்தைக் கடித்துவிட்டுப் போயிருக்கின்றன.

இவ்வளவையும் நான் சொல்லவில்லை.
தலைகீழாகத் திருப்பினேன்.
செவுள்கள் மஞ்சளாக இருந்தால்
அரசர்கள் ஆசைப்பட்டுத் தின்ற ஜாதி,
வெண்ணெயில் போடலாம்.
வெள்ளை.
மேலே இருந்திருக்க வேண்டிய வெள்ளைப் பொட்டுகளை
மழை கொண்டுபோய்விட்டது.
அடையாள அட்டை தொலைந்த ஒருவன்
பக்கத்து வீட்டுக்காரன் பெயரில்
வந்து நிற்கிறான், அவ்வளவுதான்.
வேண்டுமென்று செய்ததல்ல.

"கூடாது."
"இது மட்டுமா?"
"கூடையே கூடாது."

வாசல் பக்கம் திரும்பி
போனில் ஒதீலைக் கூப்பிட்டான்.
அடுப்பை அணை என்றான்.
கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான்.
இல்லை, முட்டை இருக்கிறதே என்றான்.

போகும்போது, கதவைப் பிடித்தபடி:
"இந்த வருடம் குஞ்சுகள் நிறைய.
தொண்டையிலிருந்து ஊட்டும், பார்த்திருக்கிறீர்களா?
பால்தான், ஆனால் ரத்தம்போல இருக்கும்.
ஆணும் ஊட்டும்.
ஊட்டி ஊட்டி
பெரியவை எல்லாம்
கொடியில் காயும் படுக்கை விரிப்பு மாதிரி ஆகிவிட்டன."
மணி அடித்தது, கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு முறை சோப்பு போட்டும்
விரலில் மண்வாசனை.
ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு
வீட்டுச் சாலையை விட்டு
உப்பளச் சாலையில் வண்டியைத் திருப்பினேன்.

தூரத்துப் பாத்தியில் முப்பது நாற்பது.
அவன் சொன்னது சரி, ஒன்றிலும் நிறமில்லை.
தண்ணீர்தான் சிவந்திருந்தது.
கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாதவற்றைப் பற்றி
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏதோ லாரி ஹாரன் அடித்தது.
ஒன்று ஓடத் தொடங்கியது,
நீர்மேல் நான்கு எட்டு, ஐந்து,
பிறகு இறக்கை திறந்தது.

அடியில், அப்படியே இருந்தது சிவப்பு.